ஆபரேஷன் முடிஞ்சும் எழுத்து கலங்குதா? கண்புரையோடு கருவிழி வளைவையும் சரிசெய்யலாம்!

விழுப்புரம் மாவட்டம், பனமலை. ஏரியை ஒட்டி நிற்கும் குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கிறது. 'தாளம்' என்றால் பனை. ஊரின் பெயர்தான் சாமிக்கும். காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய கோயில் இது. வடபுறச் சிற்றாலயத்தின் சுவரில் ஓர் ஓவியம் மிஞ்சியிருக்கிறது. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடக்கி ஒயிலாக நிற்கும் உமை. சுமார் 1,300 ஆண்டுகளில் வண்ணம் பெருமளவு உதிர்ந்துவிட்டது. ஆனாலும் பார்ப்பவர்கள் அசந்துபோகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்தக் கோடுகள்.

இந்தக் குன்றுக்குப் படியேறிப் போகும் எழுபது வயது ஆயா ஒருவரை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. பேத்தி கேட்கிறாள்.

"இப்போ நல்லா தெரியுதா ஆயா?"

"வெளிச்சமாத்தான் கீது கண்ணு. ஆனா படி எங்க முடியுது, எங்க தொடங்குதுன்னுதான் புரியல. பஸ் போர்டுல எழுத்தெல்லாம் நெழல் உட்டா மாதிரி ரெண்டு ரெண்டா ஓடுது."

இந்த ஆயா கற்பனைதான். இந்தப் புலம்பல் கற்பனை இல்லை. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கும் எந்தத் தெருவிலும் இதைக் கேட்கலாம். "ஆபரேஷன் சரியா பண்ணல" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் சரியாகத்தான் நடந்திருக்கும். மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, புது லென்ஸ் வைத்திருப்பார்கள். அப்படியே விடப்பட்டது இன்னொன்று: கருவிழியின் வளைவு.

பந்தும் குழிக்கரண்டியும்

கண்ணுக்குள் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கருவிழிதான். உள்ளே இருக்கும் லென்ஸுக்கு மீதிப் பங்குதான். கருவிழி, பந்தின் ஒரு துண்டைப்போல எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியும். பலருக்கு அப்படி இருப்பதில்லை. குழிக்கரண்டியின் முதுகைத் தடவிப் பாருங்கள். நீளவாட்டில் ஒரு வளைவு, குறுக்கே வேறு வளைவு. கருவிழி அப்படி இருந்தால் ஒரு திசையில் வரும் கோடு தெளிவாகவும், அதற்குக் குறுக்கான கோடு இழுபட்டும் தெரியும். இதற்குத்தான் ஆஸ்டிக்மேட்டிசம் என்று பெயர். கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர் பவர்' என்று சொல்வதும் இதைத்தான். எந்தத் திசைக் கோடு கலங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் படியின் விளிம்பு, இன்னொருவருக்குக் கரன்ட் கம்பம்.

இதை முதலில் கண்டறிந்து எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் தாமஸ் யங், 1801-ல். அவர் ஆராய்ந்தது தன் கண்ணையே. கண்ணைத் தண்ணீரில் வைத்து, கருவிழியின் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்போதும் குறை அப்படியே இருந்ததால், தன் சிக்கல் உள் லென்ஸில் இருக்கிறது என்று முடிவுசெய்தார். 1825-ல் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் தன் இடது கண்ணுக்காகச் சிலிண்டர் வடிவக் கண்ணாடியைச் செய்யவைத்துப் போட்டுக்கொண்டார். அதே 1820-களில் தஞ்சையில் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் கேஸ் விவரங்களைப் படத்தோடு எழுதிவைக்கச் செய்தார். அந்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தின் சொத்து. அன்றைக்குப் புரையை அகற்றுவதோடு வைத்தியம் முடிந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் யோசனை செயலுக்கு வர, 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி செய்த ஆபரேஷன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் விமானிகளின் கண்ணில் சிக்கிய பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணை உறுத்தாமல் கிடப்பதைக் கவனித்ததில் கிடைத்த யோசனை அது.

கண்புரைக்கு வரும் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கருவிழியில் 1 டயாப்டர் அல்லது அதற்கு மேல் இந்த வளைவு வித்தியாசம் இருக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளின் பொதுக் கணக்கு. புரை இருக்கும்வரை இது தெரியாது. எல்லாமே புகைமூட்டமாக இருக்கும்போது கோடு இழுபட்டதா, இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? புரை விலகியதும்தான் வளைவு தன் வேலையைக் காட்டும்.

கத்தி எங்கே இறங்குகிறது?

இங்கேதான் பலரும் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. கருவிழியின் ஓரத்தில் வெட்டினால், வெட்டிய திசையில் வளைவு கொஞ்சம் தட்டையாகும். அதற்குக் குறுக்குத் திசையில் கொஞ்சம் கூடும். ஆக, கண்புரை ஆபரேஷனில் போடும் வெட்டே ஆஸ்டிக்மேட்டிசத்தைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம்.

பேகோ என்ற முறையில் வெட்டு சுமார் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர். புரையை அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கரைத்து உறிஞ்சி, மடிக்கக்கூடிய லென்ஸை உள்ளே விட்டு விரியவைப்பார்கள். வெட்டு சிறியதாக இருப்பதால் வளைவில் பெரிய மாற்றம் வராது. நம் ஊர் இலவச முகாம்களில் அதிகம் நடப்பது இன்னொரு முறை. எஸ்.ஐ.சி.எஸ் என்பார்கள். விலை உயர்ந்த மெஷின் தேவையில்லாமல், சுமார் 6 மில்லிமீட்டர் அளவில் சுரங்கம்போல வழி செய்து, புரையை முழுசாக வெளியே எடுப்பது. தையல் தேவைப்படுவதில்லை. 'ஏழைகளுக்கான ஆபரேஷன்' என்று இதை மட்டமாக நினைக்க வேண்டாம். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் நன்றாக முற்றி வெளுத்த புரை உள்ள 270 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு வாரம் கழித்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தபோது, இரண்டு பிரிவிலும் 98 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு நல்ல பார்வை. எஸ்.ஐ.சி.எஸ்ஸுக்கு ஆன நேரம் சராசரியாக 9 நிமிடத்துக்கும் குறைவு. பேகோவுக்கு 12 நிமிடம்.

'கண்ணாடி போட்டுப் பார்த்தபோது' என்ற சொற்களைக் கவனியுங்கள். கண்ணாடி இல்லாமல் பார்த்ததில் இரண்டு பிரிவிலும் எண்ணிக்கை இறங்கியது. பேகோவில் சுமார் 88, எஸ்.ஐ.சி.எஸ்ஸில் 82 சதவீதம். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லைதான். ஆனால், கண்ணாடியைக் கழற்றினால் காணாமல்போகும் அந்தப் பார்வையில் சிலிண்டர் பவருக்கும் பங்கு உண்டு.

பழக்கத்தில் பல டாக்டர்கள் வெட்டைப் போடுவது கண்ணின் மேல்பக்கம், புருவத்துக்குக் கீழே. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து செய்ய வசதி. காயத்தை மேல் இமை மூடிக் காக்கும் என்பது இன்னொரு நன்மை. ஆனால், மேல்பக்க வெட்டு மேலும் கீழுமான வளைவைத் தட்டையாக்கி, பக்கவாட்டு வளைவைக் கூட்டும். வயதானவர்களில் பலருக்குப் பக்கவாட்டு வளைவு ஏற்கெனவே அதிகம். (இளமையில் இது தலைகீழ். வயது ஏற ஏற வளைவின் திசை மாறுகிறது.) இருக்கும் குறையோடு வெட்டும் தன் பங்கைச் சேர்க்கிறது.

மும்பை மருத்துவர்கள் 2005-ல் இந்தியக் கண் மருத்துவ இதழில் வெளியிட்ட ஓர் ஒப்பீடு இதைத் தெளிவாகக் காட்டியது. எஸ்.ஐ.சி.எஸ் வெட்டை மேல்பக்கம் போட்டபோது உருவான ஆஸ்டிக்மேட்டிசம் சராசரி 1.28 டயாப்டர். நெற்றிப்பொட்டுப் பக்கம், அதாவது கண்ணின் வெளிப்புறம் போட்டபோது 0.37. மேல்பக்கத்துக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவில் போட்டபோது 0.20. கத்தி அதே, லென்ஸ் அதே, செலவு அதே. மாறியது வெட்டிய இடம் மட்டும். டாக்டர் தலைமாட்டிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்ந்து, வலது கண்ணுக்கு ஒரு பக்கமும் இடது கண்ணுக்கு மறுபக்கமும் உட்கார வேண்டும். ஒரே நாளில் வரிசையாக நோயாளிகள் காத்திருக்கும் தியேட்டரில் அது சின்ன வேலை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெட்டை வைத்தே வளைவைக் குறைக்க இன்னும் சில வழிகள் உண்டு. முதல் வெட்டுக்கு நேர் எதிரே இன்னொரு வெட்டு போடுவது ஒன்று. கருவிழி ஓரத்தில் வில்போல ஆழமான கீறல் போடுவது மற்றொன்று. மிதமான வளைவுக்கு இவை கைகொடுக்கும். ஆனால், ஆறும் விதம் ஆளுக்கு ஆள் மாறுவதால் முடிவைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல முடியாது.

டோரிக் லென்ஸ்: ஒரு டிகிரியும் முக்கியம்

வளைவு அதிகம் இருப்பவர்களுக்கு டோரிக் லென்ஸ் இருக்கிறது. கண்ணாடியில் போடும் சிலிண்டர் பவரை, உள்ளே வைக்கும் லென்ஸிலேயே சேர்த்துவிடுவது. ஜப்பானின் கிமியா ஷிமிஸு 1990-களின் தொடக்கத்தில் முதன்முதலில் இதைக் கண்ணுக்குள் வைத்தார். அந்த லென்ஸுக்கு 5.7 மில்லிமீட்டர் வெட்டு தேவைப்பட்டது. உள்ளே போன பிறகு சில சுழன்றும்விட்டன. இன்றைய மடிக்கும் லென்ஸ்கள் அந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலாம்.

சாதாரண லென்ஸை உள்ளே எந்தக் கோணத்தில் வைத்தாலும் பவர் மாறாது. டோரிக் அப்படி இல்லை. அதன் ஓரத்தில் சின்னப் புள்ளிகள் இருக்கும். அவை கருவிழியின் அதிக வளைவான திசையோடு நேர்கோட்டில் நிற்க வேண்டும். 1 டிகிரி விலகினால் பலனில் சுமார் 3 சதவீதம் போகும். 10 டிகிரி விலகினால் மூன்றில் ஒரு பங்கு. 30 டிகிரி போனால் டோரிக் வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான். அதையும் தாண்டினால் முன்பைவிட மோசம். கடிகாரத்தில் 30 டிகிரி என்பது ஒரு மணி முள் இடைவெளி.

மல்லாந்து படுத்தவுடன் கண் சில டிகிரி தானாகச் சுழலும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன், நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, கண்ணின் ஓரத்தில் மையால் குறியிடுகிறார்கள். "எதுக்குடா கண்ணுல மை வெக்கிறாங்க?" என்று பயப்பட வேண்டாம். அது அழிந்துவிடும். சில பெரிய மருத்துவமனைகளில் கண்ணின் ரத்தக்குழாய்களை அடையாளமாக வைத்துக் கம்ப்யூட்டரே கோணம் காட்டுகிறது. பிறகும் லென்ஸ் சுழல்வதானால், பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில மணி நேரத்தில் சுழலும். கவனித்துவிட்டால் முதல் சில வாரங்களுக்குள் திருப்பி நேராக்கலாம். அதன் பிறகு சுற்றியுள்ள பை லென்ஸைப் பற்றிக்கொள்ளும், அசைப்பது கடினம். கண்ணைக் கசக்காதீர்கள் என்று டாக்டர் சொல்வதை டோரிக் வைத்தவர்கள் இரட்டிப்பாகக் கேட்க வேண்டும்.

லென்ஸின் விலையைவிட, அதை வைப்பதற்கு முன் எடுக்கும் அளவுதான் பலனைத் தீர்மானிக்கிறது. கண் வறண்டிருந்தால் அளவு தப்பும். முதலில் அதற்குச் சொட்டுமருந்து. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் டாக்டர் சொல்லும் நாள்களுக்கு அதைக் கழற்றிவைக்க வேண்டும். 2012-க்கு முன்புவரை பெரும்பாலும் கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் அளந்து கணக்குப் போட்டார்கள். பின்பக்க வளைவையும் சேர்க்காவிட்டால் கணக்கு பிசகும் என்று அமெரிக்காவின் டக்ளஸ் காக் குழு காட்டிய பிறகு, கணக்குப் போடும் சூத்திரங்களும் மாறின.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வயலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். வெயிலிலும் தூசியிலும் வருடக்கணக்கில் நிற்பவர்களுக்கு மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் முக்கோணமாகச் சதை வளரும். அந்தச் சதையே கருவிழியை இழுத்து வளைவை மாற்றும். பெரிதாக இருந்தால் முதலில் அதை நீக்கி, கருவிழி நிலைப்படும்வரை சில மாதங்கள் விட்டு, பிறகு அளவெடுப்பதுதான் முறை. அவசரப்பட்டு அதே வளைவுக்கு டோரிக் வைத்தால், பின்னால் சதையை எடுக்கும்போது கணக்கு தலைகீழாகும். அடுத்தது, நெல் தோகையோ கரும்புச் சோகையோ பட்டுப் புண்ணாகி ஆறிய தழும்பு. தழும்பால் கருவிழி மேடும் பள்ளமுமாக ஆகியிருந்தால், அது கரண்டி முதுகுபோல் சீரான வளைவு இல்லை. டோரிக்கால் அதைச் சரிசெய்ய முடியாது. கூம்புபோல் துருத்திய கருவிழிக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். வளைவு வித்தியாசம் முக்கால் டயாப்டருக்குள் இருந்தாலும் டோரிக் தேவைப்படுவது அரிது. இதில் எதற்கும் விடை சொல்லாமல் "இதுதாங்க பெஸ்ட் லென்ஸ்" என்று மட்டும் ஒருவர் சொன்னால், ஒரு நாள் தள்ளிப்போட்டு இன்னோர் இடத்தில் காட்டுவதில் தவறில்லை.

பணம் இல்லாதவர்களுக்கு?

லென்ஸின் விலைதான் ஒரு காலத்தில் இந்தியாவில் எல்லாவற்றையும் முடிவுசெய்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி.வெங்கடசாமி, அந்த விரல்களோடே ஆபரேஷன் செய்யப் பழகி, ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உள்விழி லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு. ஏழைகளுக்குப் புரையை எடுத்துவிட்டு, தடித்த 'சோடாப்புட்டி' கண்ணாடி கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸ் செய்ய ஆரம்பித்ததும் விலை பல மடங்கு இறங்கியது. இன்று முகாம் நோயாளிக்கும் கண்ணுக்குள் லென்ஸ் கிடைப்பதற்குப் பின்னால் அந்தக் கதை இருக்கிறது. டோரிக் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. இலவச முகாமில் பொதுவாகக் கிடைப்பது சாதாரண லென்ஸ்தான்.

ஆனால், முகாமுக்குப் போகும் ஆயாவுக்கும் வழி இருக்கிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகட்டும், புதுச்சேரியாகட்டும், லென்ஸ் பவரைக் கணக்கிட கருவிழி வளைவை எப்படியும் அளப்பார்கள். அந்தச் சீட்டில் கே1, கே2 என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆஸ்டிக்மேட்டிசம். 44.00, 44.25 என்றிருந்தால் கவலையில்லை. 43.00, 45.00 என்றிருந்தால் வித்தியாசம் 2 டயாப்டர். கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. கூடப் போகும் மகனோ பேத்தியோ, "டாக்டர், இவங்களுக்கு சிலிண்டர் எவ்ளோ இருக்கு? வெட்டு எந்தப் பக்கம் போட்டா நல்லது?" என்று கேட்கலாம். இதைக் கேட்கக் காசு தேவையில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கேட்டால் பயனும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து வளைவு மிஞ்சினாலும் கண்ணாடி இருக்கிறதே! அங்கேயும் ஒரு கோளாறு நடக்கிறது. ஒரு மாதம், ஆறு வாரம் கழித்துக் கண்ணாடிப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். "அதான் தெரியுதே" என்று பலர் போவதில்லை. சந்தையிலோ பஸ் ஸ்டாண்டு கடையிலோ ரெடிமேட் கண்ணாடி வாங்கிக்கொள்கிறார்கள். ரெடிமேட் கண்ணாடியில் சிலிண்டர் பவர் கிடையாது. எத்தனை ஜோடி மாற்றிப் போட்டாலும் படி விளிம்பு நேராகாது. அந்த ஒரு பரிசோதனைக்குப் போய், சிலிண்டரும் கோணமும் பார்த்து எழுதிக் கொடுக்கும் கண்ணாடியைப் போட்டால், டோரிக் வைக்காத கண்ணும் கிட்டத்தட்ட அதே தெளிவைப் பெறும். கழற்றினால் போய்விடும், அவ்வளவுதான்.

டோரிக் வைப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அது தூரப் பார்வைக்கான சிலிண்டரைத்தான் தீர்க்கும். பேப்பர் படிக்க, ஊசியில் நூல் கோக்க, செல்போன் பார்க்கப் பெரும்பாலும் வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டியிருக்கும். 'இனி கண்ணாடியே வேண்டாம்' என்று யாராவது சொல்லியிருந்தால், கிட்டப்பார்வைக்கும் சேர்த்துத்தான் சொன்னார்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதோடு கே1, கே2 எழுதிய அளவுச் சீட்டையும் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள். அடுத்த கண்ணுக்குப் புரை முற்றி ஆபரேஷனுக்குப் போகும்போது, முதல் கண்ணில் வெட்டு வளைவை எவ்வளவு மாற்றியது என்று டாக்டர் பார்ப்பது அந்தச் சீட்டில்தான்.